எஸ்எஸ்எல் புதுப்பிக்க 5,900 ரூபாய்: கட்டவேண்டிய பணமா, ஏமாற்றா?

கூழ்க்கணக்கு | கிருஷ்ணகிரி

வணக்கம். காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு மாங்கூழ் தொழிற்சாலையில் கணக்குப் பார்க்கிறேன். கம்பெனிக்கு ஒரு சின்ன வெப்சைட் இருக்கிறது. பெங்களூரா கூழ், அல்போன்சா கூழ், டின் அளவு, டிரம் அளவு, தொடர்பு எண், அவ்வளவுதான். பணம் வாங்கும் வசதியெல்லாம் கிடையாது. வளைகுடாவிலிருந்து விசாரிக்கிறவர்கள் முதலில் அதைத்தான் திறந்து பார்க்கிறார்கள் என்பதால் முதலாளிக்கு அதன்மேல் ஒரு கண்.

சைட் செய்து கொடுத்தவர் வருஷா வருஷம் சீசன் நேரமாகப் பார்த்து பில் அனுப்புவார். இந்த முறை "எஸ்எஸ்எல் புதுப்பித்தல், உயர்தரம்" என்று 5,000 ரூபாய், ஜிஎஸ்டி சேர்த்து 5,900. சைட்டுக்கும் பார்க்கிறவருக்கும் நடுவில் போகும் தகவலைப் பூட்டுவதற்கான சான்றிதழாம் அது. கீழே ஒரு குறிப்பு வேறு: 2026-இலிருந்து விதிகள் மாறுகின்றன, இப்போதே மூன்று வருஷத்துக்குக் கட்டினால் தள்ளுபடி உண்டு.

அக்கா பையன் லீவுக்கு வந்திருந்தான். பிரவுசரில் முகவரிக்குப் பக்கத்திலிருக்கும் குறியை அழுத்தி, உள்ளே போய்ச் சான்றிதழைத் திறந்து காட்டினான். வழங்கியவர்: லெட்ஸ் என்கிரிப்ட், இலவசமாகச் சான்றிதழ் கொடுக்கும் அமைப்பாம். செல்லுபடி 90 நாள். "மாமா, இது ஓசி" என்கிறான்.

ஓசிக்கா 5,900? லாரி வரிசையில் நிற்கும் நேரத்தில் இந்தச் சண்டையை இழுக்கவேண்டுமா என்றும் யோசனை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சிப்காட்_நைட்ஷிப்ட் | ஓசூர்

பச்சை ஏமாற்று. செர்ட்பாட் என்று ஒரு புரோகிராம் இருக்கிறது. சர்வரில் ஒரு தடவை ஏற்றினால் தானே வாங்கும், தானே புதுப்பிக்கும். அந்த மூன்று வருஷத் தள்ளுபடி அதைவிடக் கூத்து. 2020 செப்டம்பர் 1-க்குப் பிறகு 398 நாளுக்கு மேல் செல்லும் சான்றிதழைக் கொடுத்தால் பெரிய பிரவுசர்கள் ஏற்பதில்லை. மூன்று வருஷத்துக்கு எதை விற்கிறாராம்?

பாலக்கோடு_பையன் | பாலக்கோடு

எங்கள் சித்தப்பா கிரானைட் கம்பெனிக்கும் இதே மாதிரி பில்தான். வாயைத் திறக்காமல் கட்டிவிட்டார்.

தருமபுரி_ஹோஸ்டிங்காரன் | தருமபுரி

படித்ததும் கை பரபரத்தது, ஏனென்றால் நானும் இதே தொழில். கூழ்க்கணக்கு சார், உங்கள் ஆள் நான் இல்லை. என் பில்லில் "உயர்தரம்" என்ற வார்த்தை இருக்காது.

சான்றிதழ் இலவசம்தான், சரி. அது தானாகப் புதுப்பிக்கிறது என்பது பாதி உண்மை. எப்படி நடக்கிறது என்று ஒரு தடவை பாருங்கள். "இந்த டொமைன், அதாவது சைட்டின் முகவரிப் பெயர், என் கையில்தான் இருக்கிறது" என்று நிரூபிக்க, லெட்ஸ் என்கிரிப்ட் ஓர் எழுத்துச்சரத்தைக் கொடுக்கும். அதை சர்வரில் அவர்கள் சொல்லும் இடத்தில் வைக்கவேண்டும். அவர்கள் வெளியிலிருந்து 80-ஆம் போர்ட், அதாவது சர்வரின் 80-ஆம் எண் வாசல், வழியாக வந்து படித்துப் பார்ப்பார்கள். சரியாக இருந்தால் சான்றிதழ். யாரோ ஒரு புண்ணியவான் ஃபயர்வாலில் 80-ஐ மூடிவிட்டால், டொமைனை வேறு சர்வருக்குத் திருப்பிவிட்டு என்னிடம் சொல்லாமல் இருந்தால், புதுப்பிப்பு சத்தமில்லாமல் நின்றுவிடும். ஒரு மாதம் கழித்து வாடிக்கையாளர் பிரவுசரில் சிவப்பு எச்சரிக்கை. போன் எனக்கு வரும், பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை ராத்திரி. முன்பெல்லாம் காலாவதி ஆகப்போகிறது என்று அவர்களே மெயில் போடுவார்கள். 2025 ஜூன் 4-உடன் அதையும் நிறுத்திவிட்டார்கள். இப்போது கண்காணிப்பதும் என் தலையில்.

வருஷம் முழுக்க அதைப் பார்த்துக்கொள்வதற்குக் கூலி வாங்குவது தப்பா? "சர்வர் பராமரிப்பு" என்று எழுதி வாங்கினால் யாரும் கேட்கமாட்டார்கள். "எஸ்எஸ்எல் உயர்தரம்" என்று எழுதினால்தான் பொய்.

சிப்காட்_நைட்ஷிப்ட் | ஓசூர்

ஒத்துக்கொள்கிறேன் அண்ணா. ஆனால் முக்கால்வாசிப் பேர் பராமரிக்கவும் இல்லை, உண்மையை எழுதவும் இல்லை.

அரூர்_வாத்தியார் | அரூர்

எனக்குப் பாடம் வணிகவியல், கம்ப்யூட்டர் இல்லை. ஒரு சந்தேகம். ஒரு பொருள் இலவசமாகக் கிடைக்கிறது, அதையே நிறுவனங்கள் ஆயிரக்கணக்கில் விற்கவும் செய்கின்றன. இரண்டும் ஒரே பொருளா? ஒன்றென்றால் சந்தை எப்படி இத்தனை நாள் தாங்கியது?

மோடம்காலத்தான் | ஓசூர்

வாத்தியார் ஐயா நல்ல இடத்தில் கை வைத்தீர்கள். கொஞ்சம் நீளமாகத்தான் சொல்லவேண்டும். இதில் இரண்டு அடுக்கு இருக்கிறது, இரண்டையும் குழப்பித்தான் வியாபாரம் நடக்கிறது.

முதல் அடுக்கு, தகவலைப் பூட்டும் முறை. இது முதலில் ஒரு கம்பெனியின் சொத்து. நெட்ஸ்கேப் 1995-இல் எஸ்எஸ்எல் 2 என்று வெளியிட்டது. ஒன்றாம் பதிப்பு வெளியே வரவே இல்லை, அவ்வளவு ஓட்டை. இரண்டிலும் ஓட்டை இருந்ததால் 1996-இல் பால் கோச்சர் முதலானவர்களை வைத்து மூன்றாம் பதிப்பைப் புதிதாகவே எழுதினார்கள். மைக்ரோசாஃப்ட் சும்மா இருக்குமா? பிசிடி என்று தன் பங்குக்கு ஒன்றை இறக்கியது. இரண்டு பிரவுசருக்கு இரண்டு பூட்டு என்று ஆகியிருந்தால் இன்றைக்கு எந்த சைட்டும் எல்லா இடத்திலும் திறந்திருக்காது. கடைசியில் இணையப் பொறியியல் பணிக்குழு, அதாவது ஐஇடிஎஃப், அதை எடுத்துக்கொண்டு 1999 ஜனவரியில் டிஎல்எஸ் 1.0 என்று பொது ஆவணமாக வெளியிட்டது. பெயர்தான் புதுசு. கம்பியில் போகும் பதிப்பு எண்ணைப் பார்த்தால் 3.1 என்றுதான் இருக்கும், அதாவது எஸ்எஸ்எல் மூன்றின் தம்பி. இன்றைக்கும் எல்லாரும் "எஸ்எஸ்எல்" என்று பில் போடுகிறார்கள். அந்தப் பெயரில் உள்ள எந்தப் பதிப்பும் இப்போது புழக்கத்தில் இல்லை.

தரம் பொதுவானால் போதுமா? அதற்குள் இருந்த கணக்குக்குக் காப்புரிமை இருந்தது. ஆர்எஸ்ஏ முறைக்கு 1983 செப்டம்பரில் கொடுத்த அமெரிக்கக் காப்புரிமை 2000 செப்டம்பர் வரை ஓடியது. முடிய இரண்டு வாரம் இருக்கும்போது, செப்டம்பர் 6 அன்று, ஆர்எஸ்ஏ கம்பெனியே பொதுவில் விட்டது. அதற்குமேல் அமெரிக்க அரசின் ஏற்றுமதித் தடை. வெளிநாட்டுக்கு அனுப்பும் நெட்ஸ்கேப்பில் சாவியின் பலம் 40 பிட்தான். நம்ம ஊர் பிரவுசிங் சென்டர்களில் டவுன்லோடு செய்து வைத்திருந்ததெல்லாம் அந்த இளைத்த பதிப்பு. 2000 ஜனவரியில் தடையைத் தளர்த்தினார்கள். ஆனால் அந்தக் குப்பை சர்வர்களுக்குள் கிடந்து, 2015-இல் ஃபிரீக் என்ற தாக்குதலாக வெளியே வந்தது. அரசியல்வாதி போட்ட ஓட்டை பதினைந்து வருஷம் கழித்துக் கடித்தது.

இந்தத் தடைக்கு வெளியே ஆஸ்திரேலியாவில் உட்கார்ந்து எரிக் யங், டிம் ஹட்சன் என்ற இரண்டு பேர் எழுதியதுதான் எஸ்எஸ்எல்ஈஏஒய் (SSLeay), இந்தப் பூட்டும் முறையைச் சர்வரில் ஓட்டும் இலவச மென்பொருள். அதன் தொடர்ச்சியாக 1998 கடைசியில் ஓப்பன்எஸ்எஸ்எல் வந்தது. உலகத்தில் பாதி சர்வர் அதை நம்பித்தான் ஓடியது.

ஆக, முதல் அடுக்கில் இன்று யாரும் யாருக்கும் காசு தரவேண்டியதில்லை. காசு கேட்பது இரண்டாம் அடுக்கில்.

அரூர்_வாத்தியார் | அரூர்

இரண்டாவதையும் சொல்லிவிடுங்கள், பாதியில் விடாதீர்கள்.

மோடம்காலத்தான் | ஓசூர்

ராயக்கோட்டை தக்காளி மண்டியில் இருக்கும் தராசை எடுத்துக்கொள்ளுங்கள். கிலோ என்ற அளவு யாருக்கும் சொந்தமில்லை. ஆனால் தராசில் முத்திரை இல்லாவிட்டால் சரக்கு கொண்டுவந்தவர் ஒத்துக்கொள்ளமாட்டார். அளவு பொது, முத்திரை குத்தும் அதிகாரம் பொதுவில்லை.

வெரிசைன், தாட் போன்ற கம்பெனிகள் விற்றது அந்த முத்திரை. 1995-இல் ஆர்எஸ்ஏ கம்பெனியிலிருந்து பிரிந்தது வெரிசைன். அதே வருஷம் தென்னாப்பிரிக்காவில் மார்க் ஷட்டில்வொர்த் ஆரம்பித்தது தாட். பின்னால் உபுண்டு லினக்ஸைத் தொடங்கியவர் அவர்தான். 1999 டிசம்பரில் வெரிசைன் தாட்டை 57.5 கோடி டாலருக்கு வாங்கியது. அந்தக் காசு எதற்கு? தாட்டின் மூலச் சான்றிதழ், அதாவது மற்றச் சான்றிதழ்களுக்குக் கையெழுத்துப் போடும் தலைச் சான்றிதழ், ஏற்கெனவே எல்லாப் பிரவுசருக்குள்ளும் உட்கார்ந்திருந்தது. அந்த இடத்துக்கு விலை அது. 2010-இல் வெரிசைனின் சான்றிதழ் வியாபாரம் மொத்தமும் 128 கோடி டாலருக்கு சிமன்டெக் கைக்குப் போனது.

2015 டிசம்பர் 3 அன்று லெட்ஸ் என்கிரிப்ட் பொதுமக்களுக்குத் திறந்தது. அதன் மூலச் சான்றிதழோ அப்போது பிரவுசர்களில் இல்லை. ஐடென்ட்ரஸ்ட் என்ற பழைய கம்பெனி, பிரவுசர்களில் ஏற்கெனவே இருந்த தன் மூலத்தை வைத்துக் குறுக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததால்தான் முதல் நாளிலேயே எல்லா இடத்திலும் ஓடியது. சான்றிதழ் வாங்கும் முறையையும் மூடி வைக்கவில்லை. ஏசிஎம்ஈ என்று எழுதி, 2019-இல் அதுவும் ஐஇடிஎஃப் தரமாகிவிட்டது. இன்றைக்குக் காசு வாங்கும் கம்பெனிகள் பலவும் அதே ஏசிஎம்ஈ வழியாகக் கொடுக்கின்றன.

ஐயா கேட்டதற்கு நேர் பதில்: டொமைனை மட்டும் சரிபார்க்கும் சான்றிதழ் என்றால், 5,000 கொடுத்தாலும் ஓசியில் வாங்கினாலும் பூட்டு ஒன்றே, சோதனையும் ஒன்றே.

பாலக்கோடு_பையன் | பாலக்கோடு

விலை கூடின சான்றிதழ் என்றால் பிரவுசரில் முகவரிக்குப் பக்கத்தில் பச்சைப் பட்டையில் கம்பெனிப் பெயர் வருமே, அதுகூடவா ஒன்று?

சிப்காட்_நைட்ஷிப்ட் | ஓசூர்

தம்பி, அந்தப் பட்டை போய் வருஷமாச்சு. 2019 செப்டம்பரில் குரோம் எடுத்தது, அடுத்த மாதம் ஃபயர்ஃபாக்ஸ். காரணமும் சுவாரசியம். 2017-இல் இயன் கேரல் என்ற பாதுகாப்பு ஆய்வாளர் கென்டக்கி மாநிலத்தில் "ஸ்ட்ரைப்" என்ற பெயரில் சட்டப்படி ஒரு கம்பெனி பதிவு செய்து, அதற்குப் பச்சைப் பட்டைச் சான்றிதழும் முறையாக வாங்கிவிட்டார். பணப் பட்டுவாடா செய்யும் அசல் ஸ்ட்ரைப் டெலவேரில் பதிவானது. பிரவுசரில் பார்த்தால் இரண்டும் அச்சு அசல். அத்தனை விலை வைத்து விற்ற சரக்கு அதோடு பல்லிளித்தது.

பென்னாகரத்தான் | பென்னாகரம்

மோடம் அண்ணன் தராசு உதாரணத்தில் ஒன்றை விட்டுவிட்டார். தராசுக்கு முத்திரை குத்துவது அரசாங்க ஆய்வாளர். கமிஷன் மண்டிக்காரர் இல்லை. அப்படியானால் நெட்டிலும் அரசாங்கமே குத்தட்டுமே? ஆதார் நடத்துகிறோம், யுபிஐ நடத்துகிறோம், நம் ஊர் சைட்டுக்கு நம்பிக்கை கொடுக்க அமெரிக்காக்காரன் கையெழுத்து எதற்கு?

மோடம்காலத்தான் | ஓசூர்

நியாயமான கேள்வி. ஆனால் நாம் அதைச் செய்துபார்த்திருக்கிறோம். 2000-ஆம் வருஷத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் கீழ் சிசிஏ என்று, சான்றிதழ் வழங்குகிறவர்களுக்கான கட்டுப்பாட்டாளர் இருக்கிறார். இந்திய மூலச் சான்றிதழ் அவர் கையில். மைக்ரோசாஃப்ட் நம்பும் மூலச் சான்றிதழ்களின் பட்டியலில் அது சேர்ந்திருந்தது. அதன் கீழ் தேசியத் தகவல் மையத்துக்கும் சான்றிதழ் வழங்கும் அதிகாரம் இருந்தது. 2014 ஜூலையில் அந்த மையத்தின் கையெழுத்தோடு கூகுள் டொமைன்களுக்கே போலிச் சான்றிதழ்கள் வெளியே வந்திருப்பதைக் கூகுள் கண்டுபிடித்தது. வழங்கும் முறைக்குள் யாரோ புகுந்துவிட்டார்கள் என்று விசாரணையில் சொன்னார்கள். அதற்குப் பிறகு கவ் டாட் இன், நிக் டாட் இன், ஏசி டாட் இன் மாதிரி ஒரு சில டொமைன்களுக்கு மட்டும் இந்திய மூலத்தின் கையெழுத்து செல்லும் என்று குரோம் சுருக்கிவிட்டது. ஃபயர்ஃபாக்ஸ் அதை முதலிலேயே சேர்த்துக்கொள்ளவில்லை.

தனியாராக இருந்தால் ஒழுங்காக நடக்குமா என்றால் அதுவும் கிடையாது. 2011-இல் நெதர்லாந்தின் டிஜிநோட்டார் என்ற தனியார் கம்பெனிக்குள் புகுந்து கூகுளுக்குப் போலிச் சான்றிதழ் எடுத்தார்கள். ஈரானில் ஜிமெயில் பார்த்தவர்கள் மாட்டிக்கொண்டார்கள். விசாரணை அறிக்கையில் சுமார் 3 லட்சம் ஐபி முகவரிகள். அந்த செப்டம்பரிலேயே கம்பெனி திவால். சிமன்டெக் எவ்வளவு பெரிய ஆள்! ஒழுங்காகச் சரிபார்க்காமல் சான்றிதழ் கொடுத்தது என்று கூகுள் பிடித்து, 2018-க்குள் குரோமிலிருந்து படிப்படியாகத் தூக்கியது. அவர்கள் அதற்கு முன்பே அந்த வியாபாரத்தை டிஜிசர்ட்டுக்கு விற்றுவிட்டு நகர்ந்துகொண்டார்கள்.

முழு அரசாங்கக் கட்டுப்பாடு வேண்டும் என்பவர்கள் கஜகஸ்தானைப் பாருங்கள். 2019-இல் குடிமக்கள் எல்லாரும் அரசின் மூலச் சான்றிதழைத் தங்கள் போனில் ஏற்றவேண்டும் என்றார்கள். ஏற்றினால் யார் எதைப் படித்தாலும் நடுவில் உட்கார்ந்து பார்க்கலாம். பிரவுசர் கம்பெனிகள் ஒன்றுசேர்ந்து அந்தச் சான்றிதழைத் தடுத்தன.

பென்னாகரத்தான் | பென்னாகரம்

பாருங்கள், நீங்களே சொல்லிவிட்டீர்கள். இந்தியாவைச் சுருக்கியது கூகுள். சிமன்டெக்கைத் தூக்கியது கூகுள். கஜகஸ்தானைத் தடுத்ததும் அவர்கள்தான். சரியான காரணத்துக்காகவே இருக்கட்டும். ஆனால் முடிவெடுத்தது யார்? பட்டியல் வைத்திருப்பது ஆப்பிள், கூகுள், மைக்ரோசாஃப்ட், மொசில்லா, நாலு பேர். நாலும் அமெரிக்கா. முன்பு சான்றிதழ்க் கம்பெனி கையில் இருந்த பிடி பிரவுசர் கம்பெனி கைக்கு மாறியிருக்கிறது, அவ்வளவுதான். இதைப் போய் "திறந்த தரம் வென்றது" என்று கொண்டாடச் சொல்கிறீர்களா?

அந்த 2026 விதி என்ன என்று யாருமே கூழ்க்கணக்கு அண்ணனுக்குச் சொல்லவில்லை. நான் சொல்கிறேன். 2025 ஏப்ரலில் சான்றிதழ்க் கம்பெனிகளும் பிரவுசர் கம்பெனிகளும் உட்காரும் மன்றத்தில் ஆப்பிள் ஒரு தீர்மானம் கொண்டுவந்தது. 2026 மார்ச் 15 முதல் சான்றிதழ் ஆயுள் 200 நாள். 2027 மார்ச் 15 முதல் 100. 2029 மார்ச் 15 முதல் 47. எதிர்த்து ஓர் ஓட்டுகூட விழவில்லை. இதில் சான்றிதழ்க் கம்பெனிகளுக்கு உள்ளூர எத்தனை பேருக்குச் சம்மதமோ! பிரவுசரை எதிர்த்துக்கொண்டு அந்தத் தொழிலில் யார் இருக்க முடியும்?

தருமபுரி_ஹோஸ்டிங்காரன் | தருமபுரி

பென்னாகரத்தார் சொல்வதில் எனக்கும் உடன்பாடு உண்டு. 47 நாளுக்கு ஒரு தடவை கையால் மாற்றவே முடியாது. தானியங்கி போடத் தெரியாத சின்ன ஆட்கள் பெரிய கிளவுட் கம்பெனியிடம் போய் விழுவார்கள்.

ராகி_அக்கா | ஊத்தங்கரை

நான் ஓர் உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தின் சைட்டைப் பார்த்துக்கொள்கிறேன். ராகி, சாமை, தினை விலைப்பட்டியல் வாராவாரம் அதில் ஏற்றுவோம். பெரிய சித்தாந்தமெல்லாம் எனக்குத் தெரியாது. காசு கொடுத்தால் ஏதாவது வித்தியாசம் உண்டா என்ற கேள்விக்கு என் கையிலிருந்து ஒரு பதில்.

2024-இல் எங்கள் உறுப்பினர்கள் சிலருக்குத் திடீரென்று சைட் திறக்கவில்லை. ஒரு பாட்டி கூட்டத்துக்கே போனைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். சிவப்பு முக்கோணம், கீழே பயமுறுத்தும் எழுத்து. "நம்ம சைட்டுல வைரஸ் வந்துருச்சாம்" என்று ஊரெல்லாம் பேச்சு. பார்த்தால் எல்லாம் ஆண்ட்ராய்டு 5, 6 போன்கள், பேரன் பேத்தி தூக்கிப் போட்டவை. அந்தப் போன்களுக்குள் லெட்ஸ் என்கிரிப்ட்டின் சொந்த மூலச் சான்றிதழ் இல்லை, 7.1.1-இலிருந்துதான் இருக்கிறது. மோடம் சார் சொன்ன குறுக்குக் கையெழுத்தை வைத்துத்தான் அதுவரை ஓடியிருக்கிறது. கையெழுத்துப் போட்ட பழைய மூலச் சான்றிதழ் 2021 செப்டம்பர் 30-இலேயே காலாவதி. பழைய ஆண்ட்ராய்டு அந்தத் தேதியைக் கண்டுகொள்ளாது என்பதை வைத்து மூன்று வருஷம் சமாளித்தார்கள். 2024-இல் அந்த ஏற்பாடும் முடிந்தது.

இந்த இடத்தில் காசு வாங்கும் சில பழைய கம்பெனிகளின் மூலச் சான்றிதழ் அந்தப் போன்களிலும் இருந்தது. அதனால் அவர்களிடம் வாங்கினால் திறக்கும். இது உண்மையான வித்தியாசம். நாங்கள் வாங்கவில்லை. அந்தப் போன்களில் ஃபயர்ஃபாக்ஸ் ஏற்றிவிட்டோம். அது போனின் பட்டியலைப் பார்க்காமல் சொந்தப் பட்டியலை வைத்திருக்கிறது. பாட்டி இப்போது எனக்கு முன்னால் விலை பார்த்துவிடுகிறார்.

கூழ்க்கணக்கு அண்ணா, உங்கள் வாடிக்கையாளர்கள் வளைகுடா இறக்குமதிக்காரர்கள். ஆண்ட்ராய்டு 5 வைத்திருக்கமாட்டார்கள். உங்களுக்கு இந்தச் செலவு வேண்டாம்.

அரூர்_வாத்தியார் | அரூர்

அம்மா, இந்த இழையில் எனக்கு முழுசாகப் புரிந்த முதல் பதிவு உங்களுடையது.

மோடம்காலத்தான் | ஓசூர்

பென்னாகரத்தாருக்கு. பிடி கைமாறியது என்பது சரி, ஒளிக்க ஒன்றுமில்லை. ஆனால் தரம் பொதுவில் இருப்பதால் அந்தப் பிடிக்கும் ஓர் எல்லை வருகிறது. இரண்டு விஷயம் சொல்கிறேன்.

ஒன்று, 2016-இல் டிஎல்எஸ் 1.3 எழுதிக்கொண்டிருந்தபோது அமெரிக்க வங்கித் துறையின் சார்பில் ஒரு கோரிக்கை வந்தது. பழைய ஆர்எஸ்ஏ சாவிப் பரிமாற்றத்தை எடுத்துவிடாதீர்கள், எங்கள் நெட்வொர்க்கில் போவதை நாங்களே பிறகு பிரித்துப் பார்க்கவேண்டியிருக்கிறது என்றார்கள். பணம் உள்ள கை. ஆனாலும் பொது அஞ்சல் பட்டியலில், எல்லார் கண்முன்னும், முடியாது என்று பதில் போனது. 2018 ஆகஸ்டில் வெளியான தரத்தில் அந்த முறை இல்லை. பிறகு ஐரோப்பியத் தொலைத்தொடர்புத் தர நிறுவனம் அவர்களுக்கு வசதியாக ஒரு பிரதி எழுதி ஈடிஎல்எஸ் என்று பெயர் வைத்தது. டிஎல்எஸ் என்ற பெயரை ஒட்டி வைத்ததற்கு ஐஇடிஎஃப் ஆட்சேபிக்க, அந்தப் பெயரையும் மாற்றவேண்டியதாயிற்று. எந்தப் பிரவுசரும் அதைத் தொடவில்லை.

அதே 1.3-க்கு இன்னொரு பக்கமும் உண்டு, அது உங்கள் கட்சிக்குச் சாதகம். ஆபீஸ் நெட்வொர்க்கின் நடுவில் உட்கார்ந்து போகிற வருகிற தகவலை வடிகட்டும் பெட்டிகளைப் பல கம்பெனிகள் விற்றிருந்தன. புதுப் பதிப்பு எண்ணைப் பார்த்தாலே அவற்றில் பல இணைப்பை அறுத்துவிட்டன. வேறு வழியில்லாமல், 1.3 இன்றைக்கும் முதல் செய்தியில் தன்னை 1.2 என்று சொல்லிக்கொண்டுதான் உள்ளே போகிறது. உண்மையான எண் பின்னால் ஒரு நீட்சியில் ஒளிந்திருக்கும். எழுதிக் கொடுத்த தரத்தை விற்ற பெட்டி இப்படி வளைத்துவிட்டது.

இரண்டு, டிஜிநோட்டார் விவகாரத்துக்குப் பிறகு வந்த பொதுப் பதிவேடு. யார் யாருக்குச் சான்றிதழ் கொடுத்தாலும் அதைப் பொதுவில் எழுதவேண்டும். 2018 ஏப்ரல் 30-க்குப் பிறகு கொடுத்த சான்றிதழ் பதிவேட்டில் இல்லாவிட்டால் குரோம் ஏற்காது. அதை யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம். கூழ்க்கணக்கு சார், சிஆர்டி டாட் எஸ்எச் என்ற சைட்டில் உங்கள் டொமைனைப் போட்டுப் பாருங்கள். உங்கள் ஆள் முந்தின வருஷங்களில் என்ன வாங்கிக் கொடுத்தார் என்பது வரிவரியாக இருக்கும்.

தருமபுரி_ஹோஸ்டிங்காரன் | தருமபுரி

கொண்டாட்டத்துக்கு நடுவில் ஒரு கசப்பு. 2014 ஏப்ரலில் ஹார்ட்பிளீட் வந்தபோது உலகமே அலறியது. ஓப்பன்எஸ்எஸ்எல்லில் ஓட்டை, சர்வர் நினைவகத்தில் இருப்பதெல்லாம் துண்டு துண்டாக வெளியே கசிகிறது. பிறகுதான் தெரிந்தது, அந்தத் திட்டத்துக்கு வந்துகொண்டிருந்த நன்கொடை வருஷத்துக்குச் சுமார் 2,000 டாலர். முழுநேரமாக உழைத்தவர் ஒருவர். பெரிய பெரிய கம்பெனிகள் அதை ஓசியில் எடுத்துப் போட்டுக்கொண்டு கோடிகளில் சம்பாதித்தன. ஓட்டை வெளியான பிறகுதான் லினக்ஸ் அறக்கட்டளை மூலம் பணம் திரட்டினார்கள். அதனால்தான் சொல்கிறேன், "ஓசி" என்று நம்ம ஆட்கள் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் சுருக்கென்று இருக்கிறது. லெட்ஸ் என்கிரிப்டும் நன்கொடையில்தான் ஓடுகிறது.

பென்னாகரத்தான் | பென்னாகரம்

யார் நன்கொடை? அதில் கூகுளும் உண்டு. சரி, நிறுத்திக்கொள்கிறேன். ஆனால் நம் அரசு நடத்திய பிரவுசர் போட்டியில் ஜோஹோவின் உலா ஜெயித்ததே, அதற்கு வைத்த நிபந்தனைகளில் ஒன்று சிசிஏவின் மூலச் சான்றிதழ் உள்ளே இருக்கவேண்டும் என்பது. அந்த வழியாகவாவது பட்டியலில் நமக்கு ஓர் இடம் வருமா என்று பார்க்கவேண்டும். 2014 மாதிரி ஆகாமல் நடத்தினால் எனக்குச் சந்தோஷம்.

சிப்காட்_நைட்ஷிப்ட் | ஓசூர்

பூட்டைப் பற்றி ஒரு வார்த்தை, ஊர்க்காரர்களுக்காக. "மின்கட்டணம் பாக்கி, இன்றிரவு இணைப்பு துண்டிக்கப்படும்" என்று எஸ்எம்எஸ் வருகிறதே, அந்த லிங்க்கிலும் பூட்டு இருக்கும். திருடனும் டொமைன் வாங்குகிறான், அவனுக்கும் சான்றிதழ் உண்டு. வழியில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாது என்பதற்கு மட்டும்தான் பூட்டு. இந்தக் குழப்பத்தால்தான் 2023-இல் குரோம் பூட்டுப் படத்தையே எடுத்துவிட்டு வேறு குறி வைத்தது.

கூழ்க்கணக்கு | கிருஷ்ணகிரி

எல்லாருக்கும் நன்றி. பதிவேட்டில் போட்டுப் பார்த்தேன். வரிசையாக லெட்ஸ் என்கிரிப்ட், இரண்டு மாதத்துக்கு ஒன்று. வேறு கம்பெனிப் பெயர் ஒன்றுகூட இல்லை. போன வருஷமும் "உயர்தரம்" என்றுதான் கட்டியிருக்கிறோம்.

அதில் இன்னொன்றும் கண்ணில் பட்டது. "டெஸ்ட்" என்று எங்கள் பெயருக்கு முன்னால் ஒட்டிய ஒரு முகவரி. திறந்தால் பழைய விலைப்பட்டியல் அப்படியே கிடக்கிறது, டன் விலை உட்பட. வாங்குகிறவர் பார்த்திருந்தால் பேரத்தில் எங்கள் கதி என்ன!

ராகி அக்கா சொன்ன மாதிரி செலவு வேண்டாம் என்று முதலாளியிடம் சொன்னேன். "அப்போ அவரை விட்டுட்டு வேற ஆள் பார்" என்றார். வேறு ஆளிடம் கேட்டால் டொமைன் யார் பெயரில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள் என்கிறார். டொமைன் யார் பெயரில் என்று காட்டும் ஹூயிஸ் தேடலில் போட்டுப் பார்த்தேன். எங்கள் கம்பெனிப் பெயரே இல்லை. பதிவு செய்தவர் என்ற இடத்தில் சைட் செய்து கொடுத்தவரின் நிறுவனம்.

மோடம்காலத்தான் | ஓசூர்

இதைத்தான் முதலில் கேட்டிருக்கவேண்டும். 5,900-ஐ விடுங்கள். சான்றிதழ் யார் கொடுத்தாலும் ஒரு மணி நேரத்தில் மாற்றிக்கொள்ளலாம். டொமைன் அவர் பெயரில் இருக்கும்வரை சைட், மெயில் எல்லாமே அவர் தயவு. எந்தத் திறந்த தரமும் இதில் உங்களுக்கு உதவாது.

தருமபுரி_ஹோஸ்டிங்காரன் | தருமபுரி

எங்கள் தொழிலில் இது சகஜம், எல்லாரும் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை. வாடிக்கையாளர் மெயிலே பார்க்கமாட்டார், புதுப்பிப்பு தவறிவிடும் என்று நாங்களே எங்கள் கணக்கில் போட்டு வைப்போம். கேட்டால் கொடுக்கவேண்டும், அதுதான் முறை. போனில் பேசாதீர்கள். மெயிலில், கம்பெனி லெட்டர்ஹெட் இணைத்து, டொமைனை வேறு இடத்துக்கு மாற்றுவதற்கான மாற்றுக் குறியீடு வேண்டும் என்று கேளுங்கள். உங்களுடையது டாட் காம் தானே? பதிவுதாரர் கேட்டால் பதிவாளர், அதாவது டொமைனை விற்றுப் பதிவு செய்யும் கம்பெனி, ஐந்து நாளுக்குள் அந்தக் குறியீட்டைக் கொடுத்தாகவேண்டும் என்பது டொமைன் பெயர்களை நிர்வகிக்கும் ஐகேன் அமைப்பின் விதி. இங்கே பதிவு அவர் பெயரில் என்பதால் அவர் கேட்டுக் கொடுக்கவேண்டும்.

ராகி_அக்கா | ஊத்தங்கரை

அண்ணா, பழைய பில்களை எல்லாம் எடுத்து வையுங்கள். டொமைனுக்கு நீங்கள் காசு கட்டினீர்கள் என்பதற்கு அதுதான் சாட்சி.

கூழ்க்கணக்கு | கிருஷ்ணகிரி

பில் எல்லாம் ஃபைலில் இருக்கிறது, அந்த விஷயத்தில் என்னை யாரும் குறை சொல்ல முடியாது. மெயில் அனுப்பிவிட்டேன். "சீசன் முடியட்டும், பார்த்துக்கலாம்" என்று பதில் வந்திருக்கிறது. காத்திருக்கலாமா?

தருமபுரி_ஹோஸ்டிங்காரன் | தருமபுரி

ஹூயிஸில் காலாவதி தேதி என்ன என்று பாருங்கள். சீசன் முடிவதற்குள் அது வந்துவிடும் என்றால் காத்திருக்காதீர்கள். டாட் காமை வேறு பதிவாளருக்கு மாற்றும்போதே ஒரு வருஷ நீட்டிப்பும் சேர்ந்துவிடும், தனியாகப் புதுப்பிக்க வேண்டாம். இன்னொன்று, பெயர் மாற்றத்தை முதலில் கேட்காதீர்கள். பதிவுதாரர் பெயர் மாறினால் பல பதிவாளர்கள் 60 நாள் இடமாற்றத்தை நிறுத்தி வைப்பார்கள். முதலில் உங்கள் சொந்தக் கணக்குக்கு டொமைனைக் கொண்டுவாருங்கள், அப்புறம் பெயரை மாற்றிக்கொள்ளலாம். கணக்கை முதலாளியின் மெயிலில் திறங்கள், உங்கள் மெயிலில் வேண்டாம். அந்த "டெஸ்ட்" முகவரியை இன்றைக்கே எடுக்கச் சொல்லுங்கள்.